பாட்டி கேட்க மறுத்த பக்கங்கள்

அமெரிக்க நாட்டினின்றும் 1935-ஆம் ஆண்டு நால்வர் கப்பலேறினர். ஹோவர்ட் தர்மன், அவருடைய துணைவியார் சூ பெய்லி தர்மன், எட்வர்ட் கேரல், அவருடைய துணைவியார் ஃபெனோலா கேரல். நால்வரும் கறுப்பினத்தவர். நால்வரும் கிறித்தவர். இந்தியா, பர்மா, இலங்கை ஆகிய நாடுகளின் கிறித்தவ மாணவர் இயக்கம் அழைக்க, அமெரிக்கக் கிறித்தவ மாணவர் அமைப்புகள் அனுப்பிவைத்த தூதுக்குழு அது. ‘நட்புப் பயணம்’ என்று அதற்குப் பெயரிட்டிருந்தனர். வெள்ளைப் பாதிரியார் சொல்லிச் சொல்லி வெளுத்துப்போன அன்புரையை ஒரு கறுப்பரின் வாய்மொழியாகக் கேட்டாலாவது கீழைநாட்டு இளைஞர் செவிசாய்க்கமாட்டார்களா என்ற கணக்கும் அந்தப் பெயருக்குள் ஒளிந்திருந்தது என்பதே நம் எண்ணம்.

தர்மனுக்கும் அந்த ஐயம் இருந்தது. வெள்ளையர்க்கு ஒரு சபை, கறுப்பர்க்கு ஒரு சபை என்று பிரித்துவைத்திருக்கும் அமெரிக்கக் கிறித்தவத்துக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டு அயல்நாடு போவதா என்று தயங்கியதாகத் தம் தன்வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். தயங்கினார், ஆயினும் புறப்பட்டார். கொழும்பிலே இறங்கினார். எந்தக் கேள்விக்கு அஞ்சினாரோ அந்தக் கேள்வி அங்கேயே அவரை எதிர்கொண்டது.

கொழும்புச் சட்டக் கல்லூரியில் அவர் பேசினார். மாநில உரிமை என்னும் போர்வைக்குள் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் குடியுரிமைகள் எவ்வாறு பறிக்கப்படுகின்றன என்பது பேச்சின் பொருள். முடிந்ததும் கல்லூரி முதல்வர் அவரைக் காப்பி அருந்த அழைத்தார். இருவரும் வாய் பேசாமல் அருந்தினர். கோப்பைகள் அகற்றப்பட்டன. அதன் பிறகே முதல்வர் வாய் திறந்தார். உம்முடைய முன்னோரைப் பிடித்துச் சென்றவன் கிறித்தவன், விற்றவன் கிறித்தவன், வாங்கியவன் கிறித்தவன், அந்த வாணிகத்துக்கு வேதத்திலிருந்து சான்று காட்டியவனும் கிறித்தவப் போதகனே. விடுதலைக்குப் பிறகும் அதே கிறித்தவ நாடு உம்மை ஒதுக்கிவைக்கிறது, உயிரோடு எரிக்கிறது. தேவாலயத்துக்குள்ளேயே நிறக் கோடு கிழிக்கிறது. இவ்வளவும் அறிந்த கல்விமானாகிய நீர், அந்த மதத்தின் தூதராக இங்கு வந்து நிற்கலாமா? இந்தக் கருத்துப்பட அவர் பேசினார். கறுத்த மாந்தர் அனைவர்க்கும் நீர் துரோகி என்றே எண்ணத் தோன்றுகிறது என்பதையும், பணிவு குன்றாமலேயே, சொல்லிவிட்டார்.

ஐந்து மணி நேரத்துக்கு மேல் இருவரும் பேசினார்கள். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1949-இல், ‘ஜீசஸ் அண்ட் தி டிஸ்இன்ஹெரிட்டட்’ என்ற பெயரில் தர்மன் ஒரு நூல் வெளியிட்டார். ஏசுவும் உரிமை பறிக்கப்பட்டோரும் என்று தமிழில் சொல்லலாம். நூறு பக்கத்துக்குச் சற்று மிகுந்த சிறு ஏடு. ஐந்தே அதிகாரங்கள். முதல் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே கொழும்பு முதல்வரின் கேள்வியை மூடிமறைக்காமல் வைக்கிறார். தம்மைத் துரோகி என்றவரின் குற்றச்சாட்டைத் தம் நூலின் வாயிற்படியிலேயே வைக்கும் நேர்மை மதநூல் எழுதுவோரிடம் அரிது. அதற்காக அவரை நாம் பாராட்டுகிறோம். பாராட்டிவிட்டு, அந்தக் கேள்விக்கு விடை கிடைத்ததா என்று பார்ப்போம்.

கேள்வியின் எடையை முதலில் உணரவேண்டும். ஜான் ஹாக்கின்ஸ் என்ற ஆங்கிலேயன் 1564-இல் ஆப்பிரிக்கரைப் பிடித்து விற்கப் புறப்பட்டபோது அவனுக்கு அரசி எலிசபெத் கொடுத்துதவிய கப்பலின் பெயர் என்ன தெரியுமா? ‘ஜீசஸ் ஆஃப் லூபெக்’. ஆம், ஏசுவின் பெயர் தாங்கிய கப்பலில்தான் அடிமைகள் அடைக்கப்பட்டனர்! உலகெங்கும் தேவாலயங்களில் உருகி உருகிப் பாடப்படும் ‘அமேசிங் கிரேஸ்’ என்னும் பாடலை இயற்றிய ஜான் நியூட்டன் அடிமைக் கப்பல் தலைவன். புயலில் சிக்கி, 1748-இல் மனந்திரும்பினான் என்பார்கள். மனம் திரும்பியது; கப்பல் திரும்பவில்லை. அதன் பின்னரும் 1754 வரை அடிமைகளை ஏற்றிச் சென்றுகொண்டுதான் இருந்தான். அடிமை வாணிகத்தைக் கண்டித்து அவன் வெளிப்படையாக எழுதியது 1788-இல். கடவுள் அருள் கிடைத்து, அறிவு வர நாற்பது ஆண்டு!

அமெரிக்காவிலும் இதே கதை. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஃபிலடெல்ஃபியா நகரின் செயிண்ட் ஜார்ஜ் மெதடிஸ்ட் ஆலயத்தில் முழந்தாளிட்டுத் தொழுதுகொண்டிருந்த அப்சலம் ஜோன்ஸ் என்ற கறுப்பரை, இது உன் இடமல்ல என்று தூக்கி நிறுத்தினார்கள். தொழுது முடிக்கும் வரைக்கும் பொறுக்கவில்லை. உடனிருந்த ரிச்சர்ட் ஆலனும் மற்றக் கறுப்பரும் வெளியேறினார்கள். 1816-இல் கறுப்பர்க்கென்றே ஒரு மெதடிஸ்ட் சபை பிறந்தது அந்த வெளியேற்றத்தின் விளைவு. 1845-இல் ஜார்ஜியா மாநிலத்து அகஸ்டா நகரில் தென்மாநில பாப்டிஸ்ட் சபை தனியாகப் பிரிந்து எழுந்தது. எதற்காக? அடிமைகளை வைத்திருப்பவன் மதப் பணியாளனாகப் போகலாம் என்ற உரிமையை நிலைநாட்டுவதற்காக! அடிமை ஒழிந்த பிறகு கும்பல் கொலை வந்தது. 1877 முதல் 1950 வரை அவ்வாறு கொல்லப்பட்ட கறுப்பினத்தவர் 4,000-க்கும் மேற்பட்டோர் என்று ஆவணங்களைத் துருவி ஆராய்ந்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

கொழும்பு முதல்வர் சற்றும் மிகைப்படுத்தவில்லை. ஆனால் ஒன்று. கேட்ட அந்தப் பெரியவர் தம்மை இந்து என்று சொல்லிக்கொண்டார். அந்த இடத்தில் நமக்கு ஒரு புன்முறுவல் வராமற் போகாது. தேவாலயத்தில் நிறக் கோடு உண்டா என்று அவர் கேட்ட நாளில், அதே தீவின் யாழ்ப்பாணத்துக் கோயில்களில் ஒடுக்கப்பட்ட சாதியார்க்குக் கதவு அடைத்திருந்தது. கோயிலை விடுங்கள், கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்காக வைக்கத்தில் போராடிப் பெரியார் இருமுறை சிறை புகுந்தது 1924-இல். திருவிதாங்கூர் மன்னரின் ஆலய நுழைவுப் பிரகடனம் வந்தது 1936 நவம்பரில். இந்த நால்வர் கொழும்பில் கால் வைத்த அதே அக்டோபர் மாதத்தில்தான், 13-ஆம் நாளன்று, யேவலா மாநாட்டில் அம்பேத்கர், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தார். தர்மன் விருந்தினர், திருப்பிக் கேட்கவில்லை. நாம் அவரிடத்தில் இருந்திருந்தால் இரண்டாவது கோப்பைக் காப்பி கேட்டு வாங்கி, அதைப் பருகிக்கொண்டே கேட்டிருப்போம்.

ஆயினும், கேட்டவனின் முற்றம் குப்பை என்பதால் கேள்வி குப்பையாகிவிடாது. கேள்வி கேள்விதான்.

தர்மன் தரும் விடை இது: கிறித்தவம் வேறு, ஏசுவின் சமயம் வேறு. ஏசு ஓர் ஏழை யூதர், ரோமப் பேரரசின் காலடியில் நசுங்கிக் கிடந்த ஓர் இனத்தில் பிறந்தவர், குடியுரிமை இல்லாதவர், ஒரு ரோமச் சிப்பாய் அவரைத் தெருவில் உதைத்துத் தள்ளினாலும் முறையிட இடமில்லாதவர். எனவே அவருடைய போதனை, ஒடுக்கப்பட்ட ஒருவர் தம்மைப் போன்ற ஒடுக்கப்பட்டவர்க்குச் சொன்ன வாழ்க்கை வழி. பிற்காலத்தில் ஆள்வோரும் செல்வரும் அதைக் கைப்பற்றித் தங்கள் கருவியாக்கிக்கொண்டார்கள். அமெரிக்கக் கறுப்பினத்தவன் ஏசுவை நெருங்குவது, எசமானனின் மதத்தை நெருங்குவதாகாது. தன்னைப் போன்ற ஒருவனை நெருங்குவதாகும்.

கேட்க இனிக்கிறது. ஏசுவை வெள்ளையனின் சுவரிலிருந்து இறக்கி, விசுப்பலகையில் ஏழையோடு உட்காரவைக்கும் எழுத்து. பாலஸ்தீனத்தின் அரசியலை மதநூலுக்குள் கொண்டுவந்து, வரிகொடுத்தவனும் வாள்பிடித்தவனும் யாரென்று காட்டும் பக்கங்கள் நன்றாக அமைந்திருக்கின்றன. ஆனால் முதல்வர் கேட்டது நிறுவனத்தைப் பற்றி. தர்மன் விடை சொன்னது நிறுவனரைப் பற்றி. வீடு ஏன் ஒழுகுகிறது என்று கேட்டால், கட்டிய கொத்தனார் நல்லவர் என்கிறார்!

இந்த விடையை நாம் புதிதாகவா கேட்கிறோம்? தர்மன் குழுவினர் 1936 பிப்ரவரியில் பர்தோலியில் காந்தியாரைக் கண்டு பேசினர். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் நிலை பற்றி அவர் துருவித் துருவிக் கேட்டார். அடிமைகள் தம்மை அடிமைப்படுத்தியவனின் மதத்தைத் தழுவியது ஏன் என்றும் கேட்டார். கொழும்பு முதல்வரின் கேள்வியேதான், சற்று மென்மையாக. அதே ஆண்டு அம்பேத்கர், லாகூரில் பேசவிடாமல் தடுக்கப்பட்ட தம் உரையை அச்சிட்டு வெளியிட்டார். ‘ஜாதியை ஒழிக்க வழி’ என்று ‘குடிஅரசு’ வாயிலாகத் தமிழருக்கு அறிமுகமான நூல் அதுவே. ஜூலையில் ‘ஹரிஜன்’ ஏட்டில் அதற்கு மறுப்பெழுதிய காந்தியார் கைக்கொண்ட வாதம் என்ன? ஒரு மதத்தை அதன் இழிந்த மாதிரிகளைக் கொண்டு எடைபோடாதீர். அது ஈன்ற சான்றோரைக் கொண்டு எடைபோடுங்கள் என்பது. அம்பேத்கர் விடவில்லை. அந்தச் சான்றோர் இருந்தும் சாதி ஏன் இருக்கிறது என்று திருப்பிக் கேட்டார். ஞானிகள் கடவுளின் முன் அனைவரும் சமம் என்றார்களே தவிர, மனிதனின் முன் மனிதன் சமம் என்று போராடவில்லை என்று எடுத்துக்காட்டினார். பர்தோலியில் கேள்வி கேட்ட காந்தியார், ஐந்து மாதத்துக்குள், பதில் சொல்லவேண்டிய நாற்காலியில் தாமே உட்கார்ந்தபோது, தர்மன் சொன்ன விடையையே சொன்னார் என்பதை இளைஞர்கள் கவனிக்க வேண்டும். அம்பேத்கரின் எதிர்க்கேள்வி தர்மனின் நூலுக்கும் அப்படியே பொருந்தும்.

இன்னொன்று. விடை கேள்விக்கு முன்பே பிறந்துவிட்டது. இந்நூலின் கருத்து முளைவிட்ட கட்டுரையொன்றைத் தர்மன் 1935 கோடையிலேயே, கப்பலேறும் முன்பே, அமெரிக்கச் சமய இதழொன்றில் வெளியிட்டிருந்தார். அதற்கும் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன், 1845-இல், அடிமைத் தளையிலிருந்து தப்பிய ஃபிரெடரிக் டக்ளஸ் தம் வாழ்க்கை வரலாற்றின் பின்னிணைப்பில் ஏசுவின் கிறித்தவம் ஒன்று, இந்த நாட்டுக் கிறித்தவம் மற்றொன்று எனப் பிரித்துவைத்தார். அவர் கையில் அது வாள்: சவுக்கும் சங்கிலியும் சங்கீதமும் ஒரே வீட்டிலிருக்கும் புரட்டை வெட்டிக்காட்டுவதற்காகப் பிரித்தார். தர்மன் கையில் அதே பிரிவினை கேடயமாகிவிடுகிறது. நம் குறை இதுதான்.

டக்ளஸ் நூலிலேயே அந்தக் கேடயத்தைத் துளைக்கும் ஒரு செய்தியும் உண்டு. அவருடைய எசமானன் தாமஸ் ஆல்ட், மெதடிஸ்ட் கூட்டமொன்றில் மனந்திரும்பியவன். திரும்பிய பின் கொடுமை கூடியது. கால் ஊனமுற்ற ஓர் இளம்பெண்ணைக் கட்டிவைத்து, இரத்தம் ஒழுக அடித்துவிட்டு, எசமானன் விருப்பத்தை அறிந்தும் செய்யாத வேலைக்காரன் பல அடிகள் பெறுவான் என்னும் பொருள்படும் வேதமொழியைச் சொல்வானாம். அது பவுல் எழுதியதல்ல. லூக்கா நூலின் 12-ஆம் அதிகாரத்தில் ஏசு சொன்ன உவமையில் வருவது! பழியெல்லாம் பவுலுக்கு, புகழெல்லாம் ஏசுவுக்கு என்று தர்மன் கட்டிய சுவரில் இப்படி ஓர் ஓட்டை இருக்கிறது. அவர் அந்தப் பக்கம் பார்வையைச் செலுத்தவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும், இந்நூலைப் படியுங்கள் என்றே நாம் சொல்வோம். காரணம், அவருடைய பாட்டி.

நான்சி ஆம்புரோஸ் என்பது பெயர். ஃபிளாரிடாவில் மெக்கீ என்பவனின் பண்ணையில் அடிமையாகப் பிறந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. பேரன் வாரத்தில் இரண்டு மூன்று நாள் பைபிளை அவருக்குப் படித்துக்காட்ட வேண்டும். எதைப் படிப்பது என்பது பாட்டியின் தேர்வு. சங்கீதம் கேட்பார், ஏசாயா கேட்பார், சுவிசேஷம் கேட்பார். பவுலின் நிருபங்களைப் படிக்கவே விடமாட்டார். அன்பைப் பற்றிய ஒரே ஓர் அதிகாரம் மட்டும் எப்போதாவது விதிவிலக்கு. சிறுவனுக்குக் காரணம் கேட்கத் துணிவில்லை. கல்லூரி மாணவனாகி விடுமுறைக்கு வந்தபோது ஒருநாள் கேட்டுவிட்டான். பாட்டி சொன்னார்: அடிமை நாளில் கறுப்பினப் போதகர் எங்களுக்குப் பிரசங்கம் செய்யப் பண்ணைக்காரன் விடமாட்டான், அவனுடைய வெள்ளைப் போதகனே வருவான், வந்து, அடிமைகளே, எசமானருக்குக் கீழ்ப்படியுங்கள் என்ற பவுலின் வாக்கையே ஆண்டுக்கு மூன்று நான்கு முறையாவது ஓதுவான். விடுதலை வந்து, படிக்கவும் கற்றேனாகில், அந்தப் பகுதியைத் தொடமாட்டேன் என்று அன்றே உறுதி செய்துகொண்டேன்.

பல்கலைக்கழகம் பார்க்காத அந்த மூதாட்டி செய்தது என்ன? வேதம் என்று சொல்லிக் கொடுக்கப்பட்டதைத் தன் முதுகின் தழும்போடு ஒப்பிட்டுப் பார்த்தார். எது தன்னை மனிதராக மதிக்கிறதோ அதை வைத்துக்கொண்டார். எது மாடாக்குகிறதோ அதைத் தள்ளினார். இது கடவுள் வாக்காயிற்றே, தள்ளலாமா என்று அஞ்சவில்லை. ‘எப்பொருள் யார்யார்வாய்’ என்று நாம் மேடையில் முழங்குவதை அவர் தம் வீட்டுத் திண்ணையில் செய்துகாட்டினார்.

அவருக்கு எதிர்ப்புறத்தில் ஒரு காட்சியை வைத்துப் பாருங்கள். 1807-இல் லண்டனில் ஒரு பைபிள் அச்சாயிற்று. பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்காகத் ‘தேர்ந்தெடுக்கப்பட்ட பகுதிகள்’ என்று அதன் முகப்பிலேயே போட்டிருந்தது. இஸ்ரவேலர் எகிப்தின் அடிமைத்தளையை அறுத்து வெளியேறிய வரலாறு அதில் இல்லை! நீக்கிவிட்டார்கள். அடிமை படித்தால் அவனுக்கும் ஆசை வருமே! எசமானருக்குக் கீழ்ப்படி என்ற பவுலின் வாக்கு மட்டும் பத்திரமாக இருந்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை வாணிகத்தைத் தடைசெய்ததும் அதே 1807. ஜான் நியூட்டன் கண்ணை மூடியதும் அதே ஆண்டு. வாணிகம் சட்டப்படி நின்றபோது, ஏற்கெனவே விலங்கிட்டவனை அடக்கிவைக்க வேதம் வெட்டி ஒட்டப்பட்டது.

வேதத்தை வெட்டக்கூடாது என்று நம்மிடம் வாதிட வருகிறார்களே, அவர்களே வெட்டியவர்கள்தாம். அவர்கள் வெட்டிய பக்கம் ஒன்று. பாட்டி வெட்டிய பக்கம் மற்றொன்று. எசமானன் கை விடுதலையை வெட்டியது. அடிமையின் கை அடிமைத்தனத்தை வெட்டியது. ஒரு நூல் புனிதமென்று இரு தரப்பும் சொல்லிக்கொண்டே, தத்தம் தேவைக்கேற்ப வெட்டிக்கொண்டது என்றால், தீர்ப்புச் சொன்னது நூலா, மனிதனா? இந்த இடம் வரை தர்மன் நம்மை அழைத்துவந்துவிடுகிறார். வாசல் திறந்திருக்கிறது. அவர் நுழையவில்லை. பாட்டியின் மறுப்புக்குப் புலமை விளக்கம் தருகிறார்: பவுல் ரோமக் குடியுரிமை பெற்றவர், ஆகவே அரசைப் பற்றி அவருக்கு வேறு பார்வை இருந்தது, ஏசுவுக்கு அந்த உரிமை இல்லை என்கிறார். அருமையான விளக்கம்தான். ஆனால் பாட்டி பவுலின் குடியுரிமையை விசாரிக்கவில்லை. அவருடைய சொல் தம்மை என்ன செய்தது என்பதை விசாரித்தார். பேரனின் முறையைவிடப் பாட்டியின் முறை கூர்மையானது. அதை ஏசுவின் பெயரால் வந்த சொற்கள்மீதும் செலுத்தியிருக்கலாம்.

இந்தக் குடும்பத்தில் பகுத்தறிவுக்கு இன்னொரு வேரும் உண்டு. தர்மனின் தந்தை கோயிலுக்குப் போகாதவர். இங்கர்சாலின் எழுத்தைப் படித்தவர் என்று மகன் குறிப்பிடுகிறார். ஆம், சுயமரியாதை இயக்கம் தமிழில் பெயர்த்து ஊர்தோறும் பரப்பிய அதே இங்கர்சால்! தந்தை இறந்தபோது தர்மனுக்கு ஏழு வயது. சபையைச் சேராதவனுக்குச் சவ அடக்கம் செய்யப் போதகர் மறுத்தார். கடைசியில் நாடோடிப் பிரசங்கி ஒருவர் இணங்கினார். இணங்கி, பிணத்தின் முன் நின்று, மதம் சேராமல் மாண்டவன் நரகத்துக்கே போவான் என்று பிரசங்கித்தார். இவருக்கு அப்பாவைத் தெரியுமா, தெரியுமா என்று சிறுவன் தாயைக் கேட்டுக்கொண்டே இருந்தானாம். வளர்ந்தபின் சர்ச்சோடு எனக்கு உறவே வேண்டாம் என்றும் அன்று சூளுரைத்தானாம். அந்தச் சிறுவன்தான் போதகரானார். இந்தச் செய்தி இந்த நூலில் இல்லை. 1979-இல் வந்த தன்வரலாற்றில்தான் இருக்கிறது. 1949-இல் இதையும் சேர்த்து எழுதியிருந்தால் கொழும்பு முதல்வருக்கு இன்னும் நேரான விடை கிடைத்திருக்கும்.

நடுவிலுள்ள மூன்று அதிகாரங்கள், அச்சம், ஏமாற்று, வெறுப்பு என்பன, நூலின் உயிர். இங்கே மதம் பின்னே போய் மனிதன் முன்னே வருகிறான். ஒடுக்கப்பட்டவனின் அச்சம் கோழைத்தனமன்று, உயிர் பிழைக்க உடல் கற்றுக்கொண்ட தந்திரம் என்று சொல்கிறார். வலியவன் முன் எளியவன் பொய் சொல்லிப் பிழைக்கிறான். பொய்யே பழக்கமாகிப் பின் தனக்குத்தானே பொய்யனாகிவிடுகிறான் என்று காட்டுகிறார். வெறுப்பு அதிகாரத்தில் ஒரு காட்சி: ரயிலில் அமர்ந்திருக்கும் இரு கறுப்பினச் சிறுமியர், வெளியே சக்கரக் காலணி கட்டி விளையாடும் இரு வெள்ளைச் சிறுமியரைப் பார்க்கிறார்கள். அவர்கள் விழுந்து மண்டை சிதறினால் வேடிக்கையாயிருக்குமே என்கிறாள் ஒருத்தி. பதினான்கு பதினைந்து வயதுப் பெண்! தர்மன் அவளைக் கண்டிக்கவில்லை. அவளுக்கு அந்தச் சொல்லைக் கற்றுக்கொடுத்தது எந்தப் பள்ளி, எந்தத் தெரு, எந்தச் சட்டம் என்று கேட்கிறார். வெறுப்பு ஒடுக்கப்பட்டவனுக்கு முதலில் முதுகெலும்பாகவும் பின்னர் நஞ்சாகவும் இருப்பதை இவ்வளவு நிதானமாக எழுதிய மதவாதி வேறொருவரை நாம் படித்ததில்லை. இந்த அதிகாரங்களைப் படிக்கக் கடவுள் நம்பிக்கை தேவையில்லை.

கடைசி அதிகாரம் அன்பு. இங்கே மீண்டும் நமக்கு முட்டுகிறது. பகைவனை அன்பு செய் என்பதன் பொருளைத் தர்மன் மலிவாக விற்கவில்லை; ஒதுக்கல் இருக்கும்வரை மனிதனும் மனிதனும் சமமாகச் சந்திக்கவே வழியில்லை, சந்திக்காமல் அன்பு ஏது என்று ஒப்புக்கொள்கிறார். நல்ல கருத்து. ஆனால் அந்தச் சந்திப்பை யார் உண்டாக்குவது? அடிபட்டவனே முதலடி எடுத்துவைக்க வேண்டும் என்பதாகவே அவர் எழுத்து சாய்கிறது. 1963 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை, அலபாமா மாநிலத்து பர்மிங்காம் நகரில் கறுப்பினத்தவரின் பாப்டிஸ்ட் ஆலயமொன்றில் குண்டு வெடித்து நான்கு சிறுமியர் மாண்டனர். அன்றைய ஞாயிறு பாடத்தின் தலைப்பு என்ன? ‘மன்னிக்கும் அன்பு.’ பாடம் படிக்க வந்த பிள்ளைகளுக்கு அந்தப் பாடம். குண்டு வைத்தவனுக்கு எந்தப் பாடம்? முதல் குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்தது 1977-இல். மற்ற இருவர்க்குக் கிடைத்தது 2001-இலும் 2002-இலும்.

தர்மன் எழுத்தோடு நின்றவர் அல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1944-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஆல்ஃபிரெட் ஃபிஸ்க் என்ற வெள்ளைப் போதகரோடு சேர்ந்து, எல்லா இனத்தவரும் ஒரே கூரையின்கீழ் அமரும் சபையொன்றைத் தொடங்கினார். கைபர் கணவாயில் நின்றபோது அந்த எண்ணம் உறுதிப்பட்டதாக எழுதுகிறார். அந்த அளவில் பயணம் பயனற்றுப் போகவில்லை. அவர் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆலயத் தலைவராக 1953-இல் சேர்ந்தபோது மார்ட்டின் லூதர் கிங் அங்கே ஆய்வு மாணவர். இந்நூல் கிங்கின் கைப்பெட்டியில் இருந்ததென்று சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் மாண்ட்கமரியில் 381 நாள் பேருந்தைப் புறக்கணித்து நடந்தவர்கள் சமையற்காரிகளும் துணி வெளுப்போரும் கூலிக்காரர்களும். அவர்கள் கால்கள் பேருந்து நிறுவனத்தின் கல்லாவைக் காலிசெய்தன. 1956 நவம்பரில் நாட்டின் உச்ச நீதிமன்றம் பேருந்துப் பிரிவினை செல்லாது என்றது. பின்னர் 1964-இல் குடியுரிமைச் சட்டம், 1965-இல் வாக்குரிமைச் சட்டம். கொழும்பு முதல்வர் அன்றே ஒன்று சொல்லியிருந்தார்: அடிமைகளை விடுவித்தது மதமன்று, மதத்தை வாய்விட்டு அறிக்கையிடாத ஒரு மனிதரை முன்னிறுத்திய அரசியல், பொருளாதார ஆற்றல்களே என்று. தர்மன் அதை நேர்மையாக நூலில் பதிவு செய்கிறார், விடை எழுதவில்லை.

சட்டம் பேருந்தில் ஏறிற்று, பள்ளியில் நுழைந்தது, உணவு விடுதியில் உட்கார்ந்தது. கோயிலுக்குள் அது நுழைய முடியாது. ஞாயிறு காலை பதினொரு மணியே அமெரிக்காவில் மிகுதியாகப் பிரிந்து கிடக்கும் நேரம் என்று 1960-இல் கிங்கே தொலைக்காட்சியில் வருந்தினார். அடிமை வைத்திருக்கும் உரிமைக்காக 1845-இல் பிறந்த தென்மாநில பாப்டிஸ்ட் சபை, தன் பிறப்பின் பழிக்காகக் கறுப்பினத்தவரிடம் மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது 1995-இல். நூற்றைம்பது ஆண்டு நிறைவு விழாவில்!

படிப்பகம் நடத்தும் தோழர்கள் இந்நூலை ஓரிரவுக் கூட்டத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். முதல் அதிகாரத்தில் பாட்டியின் கதை முடியும் இடத்தில் நிறுத்தி, டக்ளஸின் பின்னிணைப்பையும் அம்பேத்கர் காந்தியாருக்கு எழுதிய மறுமொழியையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் வாதம் நள்ளிரவு வரை ஓடும்.